உறையின் மேல் எழுதுவது

"முத்திரை அம்பது ரூபா ஆனதோட கடிதம் போடுறதை விட்டிட்டம்." திருகோணமலையில் கூட்டுறவுச் சங்கச் செயலாளர், அடகுக்கடைக்காரர், கோயில் பரிபாலன சபைக்காரர், தவணைக்குத் தளபாடம் கொடுப்பவர் என யாரிடம் தபாலைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முதலில் வருகிற வசனம் இதுதான். சொல்வதில் பொய் இல்லை. 2018இல் 10 ரூபாவில் இருந்து 15 ஆகிய சாதாரணக் கடிதக் கட்டணம், 2022 ஆகஸ்ட் 15ஆம் திகதி ஒரே பாய்ச்சலில் 50 ரூபா ஆனது. பாணும் பெற்றோலும் மின்சாரமும் அடுத்தடுத்து ஏறிய வருடம் அது. முத்திரை மட்டும் பழைய விலையில் நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அந்த வசனத்தின் பின்பாதி எனக்கு இன்றுவரை ஒத்துவரவில்லை. விலை ஏறியதற்காகக் கடிதத்தையே கைவிட்டவர்கள், கடிதத்தோடு சேர்த்துத் தங்கள் விலாசப் பட்டியலையும் கைவிட்டிருக்கிறார்கள். காசுக்கு ஆசைப்பட்டு விட்டது அதைவிடப் பெறுமதியான பொருள் என்பது அநேகருக்குப் பிரச்சினை ஒன்று வரும் நாளில்தான் தெரிகிறது.

400 அங்கத்தவர் உள்ள ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். வருடாந்தப் பொதுக்கூட்ட அறிவித்தலுக்கு முன்பு 6,000 ரூபா, இப்போது 20,000. கணக்கைப் பார்த்ததும் வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கிவிடலாம் என்றுதான் தோன்றும். இப்போது அதே 400 பேரில் 70 பேருடைய விலாசம் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து இருபது வருடமாகத் தொடாத பட்டியலில் அது அதிகமான எண்ணிக்கை அல்ல. 15 ரூபாக் காலத்தில் அந்த 70 கடிதங்களின் நட்டம் 1,050 ரூபா. பட்டியலைத் திருத்த உட்காரும் எழுதுவினைஞரின் சம்பளம் அதைவிடக் கூட. ஆகவே திருத்தாமல் விட்டதில் ஒரு நியாயம் இருந்தது. 50 ரூபாவில் அதே நட்டம் 3,500, அதுவும் ஒவ்வொரு சுற்றுக்கும். பதிவுத் தபால் என்றால் இன்னும் கூட. பிழையான விலாசத்துக்கு ஒரு விலை வந்தது 2022 ஆகஸ்டில்தான். வணிகத் தபால் போடுகிற எல்லோருக்கும் அந்த நாளின் உண்மையான அர்த்தம் இது என்று நினைக்கிறேன். ஆனால் அநேகர் அந்த விலையைப் பார்த்துவிட்டுப் பட்டியலைத் திருத்தவில்லை, பெட்டியை மூடிவிட்டார்கள்.

வாட்ஸ்அப் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டம் நாளை நான்கு மணிக்கு என்று ஞாபகப்படுத்த, புதுச் சாமான் வந்திருக்கிறது என்று சொல்ல, தவணைத் திகதி கிட்டுகிறது என்று தெரிவிக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அம்மாவின் பெயரில் உள்ள கணக்குக்கு மகனுடைய இலக்கம் கொடுக்கப்பட்டிருக்கும். மகன் கட்டாருக்குப் போனதோடு அந்த இலக்கம் வேறொருவரிடம் போயிருக்கும். இரண்டு நீலக் கோடு விழுந்தது என்றால் யாரோ ஒருவர் அந்தப் போனைத் திறந்தார் என்றுதான் அர்த்தம். ஆகவே எது கடிதமாகப் போக வேண்டும் என்று முடிவெடுக்க ஒரே கேள்வி போதும்: "எனக்கு இது கிடைக்கவில்லை" என்று அவர் சொன்னால் உங்களுக்கு நட்டம் வருமா? அடகு வைத்த நகையை ஏலத்தில் விடுவதற்கு முந்திய அறிவித்தல், கடனைக் கட்டச் சொல்லும் இறுதிக் கோரிக்கை, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் அறிவித்தல், உபவிதியில் தபால் மூலம் என்று எழுதியிருக்கும் கூட்ட அழைப்பு இவை எல்லாம் கடிதம்தான். இப்படிப் பிரித்தால் வருடத்துக்கு ஆயிரமாக இருந்த தபால் சில நூறாகக் குறையும். அந்தச் சில நூறையும் சரியாகச் செய்ய வேண்டும்.

ஒரே வீடு, இரண்டு விலாசம்

திருகோணமலைக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இங்கே இடங்களுக்கு இரண்டு பெயர், சிலதுக்கு மூன்று. உவர்மலையில் இருப்பவர் ஒரு படிவத்தில் உவர்மலை என்பார், இன்னொன்றில் ஓர்ஸ் ஹில் என்று எழுதுவார். உட்துறைமுக வீதியும் இன்னர் ஹாபர் ரோட்டும் ஒன்று. சீனக்குடா சைனா பே ஆகும், அலஸ்தோட்டம் அலஸ் கார்டன் ஆகும். தபாற்காரருக்கு இதில் குழப்பமே இல்லை, அவருக்கு எல்லாப் பெயரும் தெரியும். குழம்புவது உங்கள் கணினிதான். அகரவரிசையில் அடுக்கும்போது ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்பார், ஒரே வீட்டுக்கு இரண்டு உறை போகும். பெயரை வைத்தும் பிடிக்க முடியாது. க. சிவகுமார், சிவகுமார் கந்தையா, கே. சிவகுமார் மூன்றும் ஒருவராக இருக்கலாம், மூவராகவும் இருக்கலாம்.

இரட்டைப் பதிவைப் பிடிக்கச் சரியான திறப்பு தேசிய அடையாள அட்டை எண். அதிலும் ஒரு பொறி உண்டு. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். பழைய அட்டையோடு 2010இல் சேர்ந்தவர் புதிய அட்டையோடு 2020இல் இன்னொரு கணக்குத் திறந்தால் பட்டியலில் இருவராகிவிடுவார். பழைய எண்ணைப் புதியதாக மாற்றுவது சுலபம்: முன்னால் 19 சேருங்கள், பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 நுழையுங்கள், கடைசி எழுத்தை எடுத்துவிடுங்கள். 12 இலக்கம் வந்துவிடும். பட்டியல் முழுவதையும் இப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிறகு எண்ணின்படி அடுக்கினால் இரட்டையர்கள் அடுத்தடுத்து வந்து நிற்பார்கள். விலாசத்தில் கை வைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை போன் எடுக்க வேண்டிவரும்.

அடுத்தது, இந்த மாவட்டத்து மக்கள் இடம் மாறியவர்கள். 2004 கடற்கோளுக்குப் பின் கரையோரத்தில் இருந்து வீட்டுத்திட்டங்களுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். 2006இல் சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி போன்ற இடங்களில் முகாமில் இருந்து, 2015க்குப் பின் காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய பெயருக்கு எதிரே இன்னமும் முகாம் விலாசம் இருக்கும். ஆளும் இருக்கிறார், கணக்கும் இருக்கிறது, கடிதம் மட்டும் இப்போது இல்லாத ஒரு முகாமுக்குப் போகும். வீட்டுத்திட்டங்களில் வீட்டு இலக்கம் ஒன்று, பின்னர் பிரதேச சபை வீதிக்குப் பெயர் வைத்துக் கொடுத்த இலக்கம் இன்னொன்று. இரண்டையும் எழுதலாம், ஆனால் "வீட்டுத்திட்ட இல." என்றும் "வீதி இல." என்றும் முன்னால் சொல்லி எழுத வேண்டும். வெறும் 45 என்று எழுதினால் எந்த 45 என்று தேடுவதிலேயே அந்த நாள் போய்விடும்.

பட்டியலில் இல்லாத, ஆனால் கட்டாயம் வேண்டிய ஒரு நிரல் இருக்கிறது: விநியோகத் தபாலகம். அந்த வீட்டுக்குக் கடிதம் எந்தத் தபாலகத்தில் இருந்து கிளம்பிப் போகிறது என்பது. பிரதேச செயலகப் பிரிவும் கிராம உத்தியோகத்தர் பிரிவு எண்ணும் அரசாங்கப் படிவத்துக்கு உதவும், தபாலுக்கு இரண்டாம் பட்சம். தபால் பிரிக்கிறவர் உறையைக் கீழிருந்து மேலாக வாசிக்கிறார். கடைசி வரியில் இருக்கும் ஊரைப் பார்த்துத்தான் எந்தப் பையில் போடுவது என்று முடிவெடுக்கிறார். மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போக வேண்டிய உறையில் கடைசி வரி "திருகோணமலை" என்றிருந்தால் அது முதலில் திருகோணமலைப் பைக்குள் விழும். அங்கே மேல் வரியை வாசித்து, மூதூர்ப் பையில் மாற்றிப் போட்டு அனுப்புவார்கள். ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் அதிலேயே போகும். மாவட்டத்தின் பெயரும் நகரத்தின் பெயரும் ஒன்றாக இருப்பதால் வரும் வினை இது. ஆகவே கடைசி வரியில் விநியோகத் தபாலகத்தின் பெயரும் அஞ்சல் குறியீடும்தான் இருக்க வேண்டும். நகரத்துக்கு 31000. மாவட்டத்தின் மற்றத் தபாலகங்களுக்கு வேறு குறியீடு உண்டு, எல்லோருக்கும் 31000 போட்டுவிடக் கூடாது.

மாவட்டத்துக்கு வெளியே போகும் உறையில் கடைசி வரியைத் தமிழிலும், அதன் கீழே ஆங்கிலப் பெரிய எழுத்திலும் எழுதுங்கள். மட்டக்களப்பு 30000, யாழ்ப்பாணம் 40000, வவுனியா 43000 என்று குறியீடு இருந்தால், எந்த மொழிக்காரர் பிரித்தாலும் இலக்கம் பேசிவிடும்.

விலாசத்தை உறுதிப்படுத்தப் போன் எடுக்கும்போது "உங்கட அட்ரஸ் என்ன?" என்று கேட்காதீர்கள். அடையாள அட்டையில் உள்ளதை வாசித்துவிடுவார்கள், அது பத்து வருடப் பழசாக இருக்கும். "உங்களுக்குக் கடிதம் எந்தத் தபால் கந்தோரில இருந்து வருது? தபாற்காரர் வீட்டுக்குக் கொண்டு வாறாரா, கடையில குடுத்திட்டுப் போறாரா?" என்று கேளுங்கள். உண்மையான பதில் வரும். கடையில்தான் கொடுப்பார் என்றால் கடையின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். நாளுக்கு 20 அழைப்பு என்றால் 400 பேரை 20 வேலைநாளில் முடிக்கலாம், அதாவது ஒரு மாதம். ஒவ்வொரு விலாசத்துக்கும் பக்கத்தில் உறுதிப்படுத்திய திகதியைப் போடுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் பழசான திகதி உள்ள எவருக்கும் போன் எடுக்காமல் பதிவுத் தபால் அனுப்பக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால், பட்டியல் திரும்பவும் கெட்டுப்போகாது.

உறையின் முன்பக்கத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "இறுதி எச்சரிக்கை", "ஏல அறிவித்தல்" என்று சிவப்பு முத்திரை குத்தி அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். கடையில் கொடுத்துவிட்டுப் போகிற ஊர்களில் அந்த உறையை நான்கு பேர் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். நகை அடகு வைத்தது பிள்ளையின் படிப்புக்காக இருக்கும், மருத்துவச் செலவுக்காக இருக்கும். அது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. வெறும் உறை, மேலே உங்கள் விலாசம், அவ்வளவு போதும். உங்கள் விலாசம் கட்டாயம் இருக்க வேண்டும். அனுப்பியவர் யார் என்று வெளியே இல்லாத கடிதம் பெறுநரைக் காணாவிட்டால் உங்களிடம் நேரே திரும்பி வராது, திறந்து பார்த்துத்தான் ஆளைத் தேட வேண்டிவரும்.

20 கிராம் என்ற விளிம்பு

50 ரூபா என்பது 20 கிராம் வரைக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை, ஏனென்றால் 15 ரூபாக் காலத்தில் ஒரு படி மேலே போனாலும் வலிக்கவில்லை. சாதாரண ஏ4 தாள், 80 ஜிஎஸ்எம் (அதாவது ஒரு சதுர மீற்றர் தாளின் எடை 80 கிராம்), ஒன்றின் எடை 5 கிராம். நீளமான வணிக உறை, அதாவது 110க்கு 220 மில்லிமீற்றர், தாளின் தடிப்பைப் பொறுத்து 5 முதல் 6 கிராம். மூன்று தாளும் ஓர் உறையும் சேர்ந்தால் 20 முதல் 21. விளிம்பிலேயே நிற்கிறது. ஜூன் ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும்போது இதே கடிதம் 20க்குள் இருக்கும். மார்கழி மழையில் தாள் ஈரத்தை உறிஞ்சி அரைக் கிராமுக்கு மேல் கூடும். ஒரு பின் அடித்தால் இன்னும் கொஞ்சம். நவம்பரில் அலுவலகத்தில் நிறுத்தபோது சரியாக இருந்த கட்டு, மறுநாள் மழைக்குள் எடுத்துப்போய்த் தபாலகத்தில் நிறுக்கும்போது கூடியிருப்பது இதனால்தான். முத்திரை குறைவாகப் போனால் பெறுகிறவரிடம் காசு கேட்பார்கள், அவர் வேண்டாம் என்றால் கடிதம் திரும்பும். கடன் கட்டச் சொல்லிப் போகிற கடிதத்துக்குக் காசு கொடுத்து வாங்குவார் யார்?

மூன்று தாளில் போவதை இருபக்கமும் அச்சடித்து இரண்டு தாளாக்குங்கள். முடியாவிட்டால் 70 ஜிஎஸ்எம் தாள் வாங்குங்கள், ஒன்று 4.4 கிராம்தான் வரும், மூன்றும் ஏறத்தாழ 13 கிராமில் முடியும். நிறுக்கிற தராசு கிராமில் காட்டினால் போதாது, 0.1 கிராம் காட்ட வேண்டும். அடகுக்கடைக்காரர் இதற்கென்று தராசு வாங்கத் தேவையில்லை, நகை நிறுக்கும் தராசிலேயே உறையை வைக்கலாம். 400 உறையையும் நிறுக்க வேண்டாம், கட்டில் இருந்து ஐந்தை எடுத்து நிறுத்துக் கனமானது 19.5க்குக் கீழே இருந்தால் பயமில்லை.

கோயில் அழைப்பிதழ்களில்தான் இந்த விளிம்பு அதிகம் கடிக்கிறது. அச்சகத்தில் அழகான தடித்த அட்டை என்று 300 ஜிஎஸ்எம் காட்டுவார்கள். ஏ4 அளவு அட்டையை மூன்றாக மடித்தால் அட்டை மட்டுமே 18.7 கிராம். உறையோடு 20ஐத் தாண்டும், ஓரத்தில் மஞ்சள் தடவினால் இன்னும் ஏறும். 200 ஜிஎஸ்எம் என்று சொன்னால் அட்டை 12.5 கிராம், உறையோடு 18.5. கண்ணுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இதை அச்சடிக்கக் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும், அச்சடித்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மடிப்பும் கவனிக்க வேண்டியது. ஏ4ஐ மூன்றாக மடித்தால் 99 மில்லிமீற்றர் உயரம், உறை 110. உள்ளே 11 மில்லிமீற்றர் ஆடும். ஜன்னல் உறை பாவிக்கிறவர்கள் விலாசத்தை ஜன்னலின் ஓரத்தோடு ஒட்டி அச்சடித்தால், கடிதம் கீழே இறங்கியதும் முதல் வரியோ கடைசி வரியோ மறைந்துவிடும். மறைவது கடைசி வரி என்றால் ஊர் போய்விட்டது. ஒரு கட்டை எடுத்து மேசையில் நான்கு பக்கமும் தட்டிப் பாருங்கள், எந்தப் பக்கம் தட்டினாலும் முழு விலாசமும் தெரிய வேண்டும். கையால் எழுதினால் பந்துமுனைப் பேனா. ஜெல் பேனாவும் இங்க்ஜெட் அச்சும் மழைத்துளி பட்டால் கரையும், தபாற்காரர் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும்தான் போகிறார். முத்திரைத் தாள்களை மாரி காலத்தில் மெழுகுத்தாளுக்கு இடையில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். உறைகளின் மடலும் அப்படியே, வாங்கி ஆறு மாதம் அலுமாரியில் வைத்தால் தானே ஒட்டிக்கொள்ளும். ஆகவே தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

நூறு உறைக்கு மேல் என்றால் வீதியோரச் சிவப்புப் பெட்டிக்குள் திணிக்காதீர்கள். முதல் நாளே தபாலகத்தில் சொல்லிவிட்டு, காலையில் கருமபீடத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். எல்லா உறையும் ஒரே பக்கம் பார்க்க, நகரத்துக்குள் ஒரு கட்டு, மாவட்டத்துக்குள் ஒரு கட்டு, வெளியூர் ஒரு கட்டு என்று பிரித்து, 50 50 ஆக நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டுங்கள். ரப்பர் பட்டி வேண்டாம். இங்கத்தைய வெயிலில் உருகி உறையில் ஒட்டும், பிய்க்கும்போது விலாசமும் சேர்ந்து கிழியும்.

கடல் கடக்கும் பொதி

வெளிநாட்டுக்குப் பனையோலைப் பொருளும் சேலையும் அனுப்புகிறவர்களுக்கு இதே கதை வேறு வடிவத்தில் நடந்தது. 2021 ஜனவரி 1ஆம் திகதியில் இருந்து, சாமான் உள்ள எந்தத் தபாற் பொதிக்கும் அதன் விபரம் மின்தரவாக முன்கூட்டியே சேரும் நாட்டுக்குப் போக வேண்டும் என்பது உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதியானது. பொதி விமானம் ஏறும் முன்பே அதைப் பற்றிய எழுத்து அங்கே வாசிக்கப்படுகிறது. "அன்பளிப்பு" என்றோ "உடை" என்றோ எழுதி அனுப்பிய காலம் முடிந்தது. "பெண்களுக்கான பருத்திக் கைத்தறிச் சேலை, 1" என்று எழுத வேண்டும், அதையும் ஆங்கிலத்தில். பனையோலைப் பெட்டிக்குச் சுங்கக் குறியீடு 4602.19. இந்த ஆறு இலக்கத்தைப் படிவத்தில் நீங்களே எழுதிக் கொடுத்தால் அங்கே யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. விற்ற சாமானை அன்பளிப்பு என்று எழுதுவது பொய், பிடிபட்டால் வாங்கியவர்தான் தண்டம் கட்டுவார்.

அமெரிக்காவுக்கு 800 டொலர் வரை இருந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29ஆம் திகதி எல்லா நாட்டுக்கும் நீக்கப்பட்டது. அதையொட்டி இலங்கை உட்படப் பல நாடுகளின் தபால் சேவைகள் அங்கே பொதி அனுப்புவதைத் தற்காலிகமாக நிறுத்தின. கடிதமும் ஆவணமும் இதில் அடங்கவில்லை. விற்பனையாளர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று: தீர்வை கணக்கிடப்படுவது சாமான் எங்கே செய்யப்பட்டது என்பதை வைத்து. இந்தியாவில் நெய்த சேலையைத் திருகோணமலையில் இருந்து அனுப்பினாலும் அது இந்தியச் சேலைதான். இலங்கையில் செய்தது என்று எழுத முடிவது உங்கள் ஊர்க் கைவினைக்கு உள்ள பலம், அதை உண்மையாக உள்ள பொருளுக்கு மட்டும் எழுதுங்கள்.

"நீங்கள் தந்த எண் வேலை செய்யவில்லை" என்று வாங்கியவர் முறையிட்டால் முதலில் எண்ணைச் சரிபாருங்கள். சர்வதேசப் பொதி எண்ணில் இரண்டு எழுத்து, எட்டு இலக்கம், ஒரு சோதனை இலக்கம், நாட்டுக் குறியீடு என்று வரும். எட்டு இலக்கத்தையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்த மீதியை 11இல் இருந்து கழித்தால் சோதனை இலக்கம். 10234567 என்றால் கூட்டுத்தொகை 162, மீதி 8, சோதனை இலக்கம் 3. கழித்து வருவது 10 என்றால் 0, 11 என்றால் 5 என்று கொள்ள வேண்டும். பொருந்தாவிட்டால் யாரோ ஓர் இலக்கத்தைப் பிழையாகத் தட்டியிருக்கிறார்கள். பொதி தொலைந்துவிட்டது என்று பதறுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு நிமிட வேலை இது.

திரும்பி வந்த உறை

கடிதத்தை நிறுத்தியவர்கள் கைவிட்டதில் நான் மிகவும் வருந்துவது இதைத்தான். திரும்பி வந்த உறையைக் குப்பையில் போடுகிறார்கள். அந்த உறைதான் தபால் திணைக்களம் உங்களுக்கு எழுதிய பதில். அதன் மேல் காரணம் குறிக்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு காரணமும் வேறு வேலையைக் கேட்கிறது. விலாசம் போதாது என்றால் பிழை உங்களுடையது, திருத்தி உடனே திரும்ப அனுப்புங்கள். அப்படி ஒருவர் இல்லை என்றால் போன் எடுத்துக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் பிணைநின்றவரைக் கேளுங்கள். இடம் மாறிவிட்டார் என்றால் புது விலாசம் வரும்வரை அந்தப் பெயருக்கு ஒரு முத்திரையும் ஒட்டாதீர்கள். கோரப்படவில்லை என்றால், தபாற்காரர் போனார், ஆள் வீட்டில் இல்லை, அறிவித்தல் கொடுத்தும் வந்து எடுக்கவில்லை. வேலைக்குப் போகிறவராக இருக்கலாம், கடலுக்குப் போகிறவராக இருக்கலாம். சொல்லிவிட்டு இன்னொரு தடவை அனுப்புவது நியாயம். ஏற்க மறுத்தார் என்பது எல்லாவற்றையும்விடக் கனமானது. ஆள் அங்கே இருக்கிறார், விலாசம் சரி, கடிதம் அவர் கைக்கெட்டும் தூரத்துக்குப் போனது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது.

திரும்பி வந்த பதிவுத் தபாலை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே என்ன இருந்தது என்று வழக்கில் கேள்வி வந்தால், ஒட்டியபடியே இருக்கும் உறையைச் சட்டத்தரணி மன்றத்தில் திறந்து காட்டலாம். நீங்களே கிழித்துப் பார்த்துவிட்டால் அது வெறும் தாள். உறை, கடிதத்தின் பிரதி, பற்றுச்சீட்டு மூன்றும் ஒரே கோவையில் இருக்கட்டும். வெப்பத்தாளில் அச்சான பற்றுச்சீட்டு சில மாதத்தில் வெளிறும். அன்றே படம் எடுத்து, போட்டோப் பிரதியும் எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் இன்னும் கெதியாக அழியும்.

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 16ஆம் பிரிவின்படி, ஒரு கடிதம் அனுப்பப்பட்டதா என்ற கேள்வி வரும்போது, குறித்த இடத்தில் வைக்கும் கடிதங்களைத் தபாலுக்குக் கொண்டுபோவது அந்த அலுவலகத்தின் வழமை என்பதும், இந்தக் கடிதமும் அங்கே வைக்கப்பட்டது என்பதும் ஏற்புடைய விடயங்கள். ஆகவே வழமை என்று ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்: தினமும் ஒரே தட்டு, ஒரே ஆள், ஒரு பதிவுப் புத்தகம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னஞ்சலுக்கும் இடம் கொடுத்திருக்கிறது என்பது சரி. ஆனால் நீங்கள் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தில் பதிவுத் தபால் என்று எழுதியிருந்தால், பதிவுத் தபால்தான்.

சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு வழமையான அலுவல் ஒழுங்கு பின்பற்றப்பட்டது என்று மன்றம் ஊகிக்க இடம் கொடுக்கிறது. கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று சொல்கிறது: கடிதம் தபாலில் போடப்பட்டது, ஆனால் அந்நாட்களில் குழப்பங்களால் தபாலின் வழமையான ஓட்டம் தடைப்பட்டிருந்தது. 1895இல் எழுதிய அந்த உதாரணம் இந்த மாவட்டத்துக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. தபால் ஓடாத நாட்களில் நீங்கள் போட்ட கடிதத்தைப் பற்றி மற்றப் பக்கத்துச் சட்டத்தரணி கட்டாயம் கேட்பார், அவர் கேட்பதற்கு முன் உங்கள் புத்தகத்தில் அது இருக்க வேண்டும்.

ஆகவே பதிவுப் புத்தகத்தில் கடித எண், திகதி, பெயர், விநியோகத் தபாலகம், பற்றுச்சீட்டு எண், திரும்பியதா, என்ன காரணம் என்ற நிரல்களோடு ஒவ்வொரு வருடத்துக்கும் முதற் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அந்தப் பக்கம் தபால் நின்ற நாட்களுக்கு. 2025இன் பக்கத்தில் இரண்டு வரி வரும். ஒன்று, ஆகஸ்ட் 17ஆம் திகதி தொடங்கி ஒரு வாரம் நீடித்த தபால் ஊழியர் வேலைநிறுத்தம். மற்றது, நவம்பர் இறுதியில் டித்வா புயலும், மகாவலி பெருகி மூதூர்ப் பக்கம் வெள்ளத்தில் நின்ற நாட்களும். அந்த நாட்களுக்குள்ளும் அதற்கு முந்திய மூன்று நாட்களிலும் போட்ட ஏல அறிவித்தல், இறுதிக் கோரிக்கை எதுவாக இருந்தாலும், சொன்ன கால அவகாசத்தைப் புதிதாகக் கொடுத்து இன்னொரு தடவை அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாதவர்கள் புத்தகத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நகை இன்னும் பெட்டகத்தில் இருந்தால் இன்னொரு பதிவுத் தபாலுக்கு நேரம் இருக்கிறது.